இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் வாரம்: மெக்சிகோ பயணக் குறிப்புகள்

28 அக்டோபர் 2024, திங்கள் – மெக்சிகோ நகரம்

ஊட்டியும் மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய ஒரே உயரம், கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். ஆனால் இங்கே அந்த உயரத்தில் இரண்டு கோடிக்கும் மேலான மக்கள் வாழ்கிறார்கள். விடுதியின் மாடிப்படி ஏறியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. பின்மண்டையில் விண்ணென்று வலி. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நேற்றே வந்துவிட்ட அக்கா, "வேகமா நடக்காதே, தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இரு" என்றாள்.

தெருமுனையில் இடுப்பளவு உயரப் பாத்திரத்தில் தமாலே வெந்துகொண்டிருந்தது. பிசைந்த மக்காச்சோள மாவுக்குள் குழம்போ, மிளகாயும் சீஸுமோ வைத்து, சோளத் தோகையிலோ வாழையிலையிலோ மடித்து ஆவியில் வேகவைப்பது. அதை அப்படியே ஒரு ரொட்டிக்குள் திணித்துக் கையில் கொடுக்கிறார்கள். வேலைக்கு ஓடுகிறவர்களின் காலைச் சாப்பாடு இதுதான். 25 பெசோ, நம் கணக்கில் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

அக்கா சைவம். தட்டுத் தடுமாறாத அளவுக்கு ஸ்பானிஷ் பேசுவாள். "மிளகாய், சீஸ் வைத்ததில் இறைச்சி கிடையாதே?" என்று கேட்டாள். கடைக்காரர் ஆமாம் என்று சொல்லி விற்றிருக்கலாம். அவரோ, "இறைச்சி இல்லை, ஆனால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறேன். நீங்கள் எதிர்ப்பக்கம் போங்கள்" என்று சாலைக்கு அப்பால் அடுப்பில் சுடுகல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியைக் கைகாட்டினார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன அந்த மனிதரை நினைத்தால் இன்னும் மனம் நெகிழ்கிறது.

பாட்டி கருநீல மக்காச்சோள மாவை நீள்வட்டமாகத் தட்டி, உள்ளே அரைத்த பீன்ஸை வைத்து, எண்ணெய் இல்லாமல் சுட்டு, மேலே முள் சீவி நறுக்கிய சப்பாத்திக்கள்ளியைத் தூவிக் கொடுத்தார். த்லகோயோ என்று பெயர். நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடந்துபோன முன்பின் தெரியாதவர்கள் எங்களைப் பார்த்து "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்ற வாழ்த்து. சூட் போட்டவர், குப்பை வண்டிக்காரர், பள்ளிப் பையன் என்று யாரும் அதைத் தவறவிடவில்லை.

திங்கட்கிழமை என்பதால் பெரிய அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. சோக்கலோ எனப்படும் நடுச் சதுக்கத்துக்கு நடந்தோம். அங்குள்ள பேராலயத்தை 1573இல் கட்டத் தொடங்கி 1813இல் முடித்திருக்கிறார்கள். உள்ளே குவிமாடத்தின் நடுவிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது. கட்டடம் ஆண்டாண்டாக எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்குக் கீழே தரையில் கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள். இந்த நகரம் ஒரு ஏரிக்கு நடுவில் பிறந்தது. ஏரியை வடித்தார்கள், பிறகு நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள், களிமண் சுருங்கிச் சுருங்கி ஊரே இறங்குகிறது. அதுவும் ஒரே சீராக இறங்குவதில்லை. அதனால் பழைய தெருக்களில் கட்டடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன.

மாலையில் ரெஃபோர்மா நெடுஞ்சாலை முழுக்கச் செண்டுமல்லி. தொட்டி தொட்டியாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆரஞ்சு. நம் கோயில் வாசல்களில் கட்டி விற்கும் அதே பூ. அதன் தாய்வீடு இந்த நாடுதான். இறந்தவர்கள் நவம்பர் முதல் இரண்டு நாளில் வீடு தேடி வருவார்கள், இந்தப் பூவின் நிறமும் வாசனையும்தான் அவர்களுக்கு வழி காட்டும் என்பது நம்பிக்கை.

29 அக்டோபர், செவ்வாய் – தெம்ப்ளோ மயோர், த்லதெலோல்கோ

காலையில் குளிர் 11 டிகிரி. தலைவலி கொஞ்சம் தேவலை.

1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் பேராலயத்துக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டியபோது கடப்பாரை ஒரு செதுக்கிய கல்லில் இடித்தது. மூன்று மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள வட்டக்கல், அதில் கை கால் தலை துண்டிக்கப்பட்ட சந்திர தெய்வம் கொயோல்ஷாவ்கி. அப்புறம் அந்த இடத்திலிருந்த பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளிவிட்டு, தொல்லியலாளர் எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசூமா தலைமையில் தோண்டினார்கள். ஸ்பானியர்கள் வருமுன் இங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் தலைமைக் கோயிலான தெம்ப்ளோ மயோர் வெளியே வந்தது. பழைய கோயிலை இடிக்காமல் அதன்மேலேயே அடுத்ததைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஏழு முறை. இன்று நடைபாதையில் நடந்தால் ஒரு படிக்கட்டுக்குள் இன்னொரு படிக்கட்டு, அதற்குள் இன்னொன்று. உச்சியில் இரண்டு சன்னதிகள், ஒன்று மழைக்கு, ஒன்று போருக்கு.

மனிதப் பலி இங்கே நடந்தது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய மேடையையும் 2015இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதை மட்டுமே சொல்லி இந்த மக்களின் கதையை முடித்துவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது நகரின் மாதிரிக்கு முன்னால். 1325இல் ஏரித் தீவில் தொடங்கிய அஸ்டெக் தலைநகர் தெனொச்தித்லானுக்கு வாய்க்கால்கள், கரையோடு இணைக்கும் கற்பாதைகள், நல்ல தண்ணீர் கொண்டுவர மேல்வாய்க்கால், ஏரிச்சேற்றைக் குவித்து அமைத்த விளைநிலத் திட்டுகள் எல்லாம் இருந்தன. பார்த்த ஸ்பானியர்களே அது கனவா என்று திகைத்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

பள்ளியில் நான் படித்தது ஒரே ஒரு பத்தி. ஹெர்னான் கோர்டெஸ் என்ற ஸ்பானியத் தளபதி சில நூறு வீரர்களுடன் வந்து ஒரு பேரரசை வீழ்த்தினான் என்பது. அந்தப் பத்தி எவ்வளவோ பேரை மறைத்துவிட்டது. அஸ்டெக்குகளுக்கு அடிபணியாமல் நெடுங்காலம் அவர்களோடு போரிட்டுவந்த த்லாஸ்கலா மக்கள் பல்லாயிரக்கணக்கில் கோர்டெஸோடு சேர்ந்து வந்தார்கள். முற்றுகைக்கு முன்பே, 1520இல், பெரியம்மை உள்ளே புகுந்துவிட்டது. அஸ்டெக் மன்னர் குயித்லாவாக்கே அதில் மடிந்தார். பட்டினி, நோய், முற்றுகை எல்லாம் சேர்ந்து 1521 ஆகஸ்ட் 13இல் நகரம் விழுந்தது.

கடைசிச் சண்டை நடந்த இடம் த்லதெலோல்கோ. மெட்ரோவில் போனோம், கட்டணம் 5 பெசோ. ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஊர் சுற்றட்டும் என்று 1969இல் மெட்ரோ ஓடத் தொடங்கியபோதே செய்த ஏற்பாடு. எவ்வளவு நல்ல எண்ணம்!

அங்கே ஒரே பார்வையில் மூன்று காலம் தெரிகிறது: இடிந்த அஸ்டெக் படிமேடைகள், அந்தக் கற்களையே எடுத்துக் கட்டிய தேவாலயம், சுற்றிலும் 1960களின் அடுக்குமாடி வீடுகள். கல்வெட்டு இப்படிச் சொல்கிறது: அது வெற்றியும் அல்ல, தோல்வியும் அல்ல, இன்றைய மெக்சிகோ என்னும் கலப்பின மக்களின் வலிமிகுந்த பிறப்பு. இதை இரண்டு முறை படித்தேன். அழகான வாசகம்தான், ஆனால் நான் முழுக்க உடன்படவில்லை. கலக்காமல், தங்கள் மொழியோடும் நிலத்தோடும் இன்றும் இருப்பவர்களை அது விட்டுவிடுகிறது. அரசே ஏற்றுக்கொண்ட கணக்கின்படி இந்த நாட்டில் 68 பழங்குடி மொழிகள் உயிரோடு இருக்கின்றன.

இதே சதுக்கத்தில்தான் 1968 அக்டோபர் 2ஆம் தேதி, ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருக்கையில், கூடியிருந்த மாணவர்களைப் படை சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் எண்ணிக்கை இன்றுவரை இல்லை. அப்போது டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ் இதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். இந்த மாதம் முதல் தேதி பொறுப்பேற்ற கிளாடியா ஷீன்பாம், நாட்டின் முதல் பெண் அதிபர், மறுநாளே அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்க ஆணையிட்டார். நினைவுக்கல்லின் கீழே அந்த வாரம் வைத்த பூக்கள் காய்ந்து கிடந்தன. பெயர்களும் வயதுகளும் பொறித்திருக்கிறார்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுகள்.

30 அக்டோபர், புதன் – வஹாகா போகும் வழி

தெற்கே வஹாகா நகரத்துக்கு ஆறேழு மணி நேரத்தில் முடிய வேண்டிய பேருந்துப் பயணம் பதினோரு மணி நேரம் ஆனது. வழியில் ஒரு கிராமத்தார் தண்ணீர்ப் பிரச்சினைக்காகச் சாலையை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு லாரி, டயர்கள், கையெழுத்துப் பதாகை. வெயில் சுட்டது, பேருந்தின் ஏசியை நிறுத்திவிட்டார்கள். யாரும் கத்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்மணி ஆரஞ்சை உரித்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, முதலில் எங்களுக்கு நீட்டிவிட்டுத்தான் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். "கேட்டால் கிடைக்காது, மறித்தால்தான் அதிகாரி வருவார்" என்றார். மறியல் செய்த பெண்களே பயணிகளுக்குத் தண்ணீர்ப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்ததும் எனக்குப் புதிதாக இருந்தது.

இரவு விடுதியில் கால் நீட்டிப் படுத்தபோது முதுகு மரத்துப்போயிருந்தது. வெளியே பட்டாசுச் சத்தமும் பித்தளை வாத்தியமும்.

31 அக்டோபர், வியாழன் – வஹாகா

காலையில் மாவு மில்லுக்குப் போனோம். கடை இல்லை, தெருப்பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கும் சாதாரண மில். வாளிக்குள் இருப்பது நிஸ்தமால். உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். தோல் கழன்றுவிடும். கழுவி அரைத்தால் பிசைய வரும் மாவு. அக்கா ஒரு மணியை விரலில் நசுக்கிப் பார்த்தாள். மஞ்சள் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே வெள்ளையாக, கொழுகொழுவென்று. "ஏய், வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு வாசனை அடிக்குதுடி" என்றாள்.

இந்தச் சுண்ணாம்பில்தான் ஒரு மக்களின் அறிவே இருக்கிறது. மக்காச்சோளத்திலுள்ள நயாசின் சத்து இப்படி ஊறவைத்தால்தான் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் தானியத்தைக் கொண்டுபோனார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தாலியிலும் பின்னாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலாக்ரா நோயில் தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். இங்கே மூவாயிரம் ஆண்டுகளாக அடுப்படிப் பெண்கள் இதைச் செய்துவருகிறார்கள். பேரரசு விழுந்தபோதும் அந்த வாளி கீழே வைக்கப்படவில்லை.

சந்தையில் மிளகாய் வாங்கும் கூட்டம். மோலே நெக்ரோ என்ற கறுப்புக் குழம்புக்கு ஒரே மிளகாய் போதாது. சில்வாக்லே என்று இந்தப் பகுதிக்கே உரிய ஒன்று, அதனுடன் இன்னும் சில வகை. விதையைத் தனியாக எடுத்துக் கரியும்வரை வறுப்பதால்தான் அந்தக் கறுப்பு. எள், பாதாம், உலர்திராட்சை, தக்காளி, சாக்லேட், கூடவே பட்டையும் கிராம்பும். மிளகாய் இங்கிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்தது, நம் பக்கத்துக் கடல்களின் பட்டையும் கிராம்பும் மணிலாக் கப்பல்களில் இங்கே வந்தன. ஒரு சட்டியில் இரண்டு பயணமும் கொதிக்கிறது. வறுத்த வெட்டுக்கிளி தள்ளுவண்டி நிறைய இருந்தது. எலுமிச்சையும் பூண்டும் போட்டு ஒரு சின்னக் குவளை 30 பெசோ. நான் சாப்பிட்டேன், மொறுமொறுவென்று புளிப்பாக நன்றாகவே இருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரவு சோசோகோத்லான் கல்லறைத் தோட்டம். கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு கல்லறையும் செண்டுமல்லி, கோழிக்கொண்டைப் பூ, நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள். குடும்பம் குடும்பமாகக் கம்பளி போர்த்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அழுகை இல்லை. கிதார் வாசித்தார்கள், சீட்டாடினார்கள், குழந்தைகள் சமாதிமேலேயே தூங்கின. ஒரு குடும்பம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரொட்டி கொடுத்தது. ரொட்டியின் உச்சியில் மாவால் செய்து வண்ணம் தீட்டிய, கட்டைவிரல் நகத்தளவு முகம் ஒன்று பதித்திருந்தது. அதுதான் இறந்தவர். இவ்வளவு அன்பாக நடத்துகிறவர்களின் முகத்துக்கு நேரே கேட்காமல் கேமராவை நீட்டும் வெளிநாட்டுக் கூட்டத்தைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தாய் பிள்ளையின் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது விளக்கு வெளிச்சம் அடித்துப் படம் எடுப்பது அநாகரிகம். நாங்கள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டோம்.

1 நவம்பர், வெள்ளி – தெயோதித்லான் தெல் வாயே

வஹாகாவிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஜாப்போதெக் என்னும் பழங்குடி நெசவாளர்களின் ஊர். அக்காவோடு லாஸ் ஏஞ்சலிஸில் வேலை செய்பவரின் சொந்த ஊர் இது. அவருடைய அப்பா போன வருடம் இறந்துபோனார். ஊருக்கு வந்தால் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக முடியாத நிலை, அதனால் மகன் வரவில்லை. அப்பாவுக்காக ஒரு நீலத் தொப்பியை அக்காவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் தொப்பி, பக்கவாட்டில் 34 என்ற எண். சொனோரா மாநிலத்துக் கிராமத்திலிருந்து போய் அந்த அணியில் பந்து வீசி மெக்சிகோ மக்களின் கண்மணியான ஃபெர்னாந்தோ வாலென்சுவேலாவின் எண் அது. அவர் அக்டோபர் 22ஆம் தேதிதான் காலமானார். அணி கோப்பையை வென்றது முந்தாநாள் இரவு.

ஊர் வழக்கப்படி வெறுங்கையோடு போகக்கூடாது. மெழுகுவத்தியும் சாக்லேட்டும் வாங்கிப் போனோம். அவருடைய அம்மா அவற்றை வாங்கிப் படையல் மேசையில் வைத்து, இறந்தவரிடம் யார் வந்திருக்கிறார்கள் என்று ஜாப்போதெக்கில் சொன்னார். பிறகு தொப்பியை இரண்டு கையாலும் வாங்கி, நெளிந்திருந்த விளிம்பைத் தொடையில் வைத்து நீவிவிட்டு, கணவரின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "ஜெயித்துவிட்டார்கள், தெரியுமா?" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாராம். அக்காதான் எனக்குச் சொன்னாள், சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை.

மூன்று மணிக்குக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. இறந்தவர்கள் வந்துவிட்டார்கள், நாளை மூன்று மணி வரை இருப்பார்கள் என்றார்கள். குங்கிலியம் போல ஒரு பிசின், கோபால், அதன் புகை அறையெங்கும் நிறைந்தது. எல்லோரும் மஞ்சள் மோலே வைத்த தமாலே சாப்பிட்டோம். அக்காவுக்கென்று பீன்ஸ் வைத்து, கொழுப்புச் சேர்க்காமல், தனியாக நாலு செய்திருந்தார் அம்மா. மகன் போனில் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வீட்டு மருமகள் சாயம் காட்டினார். சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது போல ஒட்டியிருக்கும் பூச்சி கொச்சினில். உலர்ந்த பூச்சியை நம் அம்மி போன்ற மெத்தாத்தே கல்லில் இழைத்தால் ரத்தச்சிவப்பு. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சானது. சுண்ணாம்பு தொட்டார், ஊதாவானது. காலனிக் காலத்தில் வெள்ளிக்கு அடுத்து இங்கிருந்து ஸ்பெயினுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்த சரக்கு இது. இந்த லாபத்தில் பங்கு கேட்டுத்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். வந்து சேர்ந்த பூச்சி மட்டமான வகை, சாயம் எடுபடவில்லை. சொன்னதும் மருமகள், "பூச்சியைத் திருடலாம், வளர்க்கிற கையைத் திருட முடியாது" என்றார்.

செம்மறியாடும் மிதித்தறியும் ஸ்பானியர்களோடு வந்தவை, அதற்கு முன் இடுப்பில் கட்டி நெய்யும் தறி. கம்பளத்தில் போடும் படிக்கோலம் மட்டும் பக்கத்திலுள்ள மித்லாவின் பழைய கற்சுவர்களில் இருப்பதே. ஒரு மீட்டர் அகலத் துண்டு 2,800 பெசோ சொன்னார். மூன்று வார வேலை என்றார். பேரம் பேசாமல் வாங்கினேன்.

2 நவம்பர், சனி – தெயோதித்லான்

மழை. காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்தது. எனக்கு வயிறு சரியில்லை, அம்மா ஏதோ ஒரு மூலிகைத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார், மதியத்துக்குள் நின்றது. மூன்று மணிக்கு மணி ஓய்ந்ததும் ஊரே கல்லறைக்குப் போனது, விருந்தாளிகளை வழியனுப்ப. குடை பிடித்துக்கொண்டு, பழமும் கொட்டையும் கொறித்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கதைகள் பேசிக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

3 நவம்பர், ஞாயிறு – மொந்தே அல்பான்

ஞாயிற்றுக்கிழமை தொல்லிடங்களில் நாட்டு மக்களுக்கு அனுமதி இலவசம். அதனால் மலையுச்சி முழுக்க உள்ளூர்க் குடும்பங்கள். கி.மு. 500 வாக்கில் ஜாப்போதெக் மக்கள் ஒரு மலைத் தலையைச் சமன்படுத்தி எழுப்பிய நகரம். 1932இல் அல்ஃபோன்சோ காசோ இங்கே ஏழாம் எண் கல்லறையைத் திறந்தபோது தங்கமும் பச்சைக்கல்லும் முத்துமாகக் கிடைத்தன.

எங்களுக்கு வழிகாட்டியவர் ஓர் இளம் பெண், அவரும் ஜாப்போதெக். ஒரு பயணி, "இந்த மக்கள் எப்படி மறைந்தார்கள்?" என்று கேட்டார். வழிகாட்டிப் பெண் பள்ளத்தாக்கில் தெரிந்த ஊர்களை ஒவ்வொன்றாகக் கைகாட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினார். அவருடைய ஊர், மாமியார் ஊர், நேற்று நாங்கள் இருந்த தெயோதித்லான், தொலைவில் நீலமாகத் தெரிந்த மலைக்கு அப்பால் கெலத்தாவோ. அங்கே 1806இல் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை ஜாப்போதெக் மட்டுமே பேசிவந்த பெனித்தோ ஹுவாரெஸ்தான் இந்த நாட்டின் அதிபராகி, பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றவர். வழிகாட்டிப் பெண் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. கேட்டவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், நன்றியும் சொன்னார்.

மாலையில் சந்தைக்குத் திரும்பி அரை கிலோ கறுப்பு மோலே விழுது வாங்கினோம், 120 பெசோ. கோழிச்சாறு ஊற்றித்தான் கரைக்க வேண்டுமா என்று அக்கா கேட்டாள். கடைக்கார அம்மா யோசித்துவிட்டு, காளான் வேகவைத்த தண்ணீர் ஊற்றலாம், ஆனால் அவசரப்படாமல் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெய் மேலே மிதந்து வந்தால்தான் இறக்க வேண்டும் என்றார். அக்கா அதை அப்படியே கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.